தப்பாக ரிவியூ கேட்டால் என்ன தண்டனை?

கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். நான் கிரிக்கெட். கொஞ்ச நாளாக வாட்ஸப்பில் எங்கள் இருவருக்கும் ஒரே விவாதம்தான். அதை ஆரம்பித்துவைத்தது அவன் அனுப்பிய இந்த ஒரு மெசேஜ்:

"மச்சான், எங்க என்ஹெச்எல்-ல ஆஃப்சைடுன்னு சேலஞ்ச் பண்ணி அது தப்பாப் போச்சுன்னா ரெண்டு நிமிஷம் ஒரு ஆள் கம்மியா ஆடணும். உங்க டிஆர்எஸ்ல என்னடா? ஒரு ரிவியூ போச்சு, அவ்வளவுதானே? அதெல்லாம் ஒரு தண்டனையா?"

என்ஹெச்எல் என்பது அவர்கள் பக்கத்து ஐஸ் ஹாக்கி லீக், டிஆர்எஸ் என்பது அம்பயர் முடிவை மறுபடி பார்க்கச் சொல்லும் நம் கிரிக்கெட் முறை. உடனே எதிர்த்து எழுத வந்தது. ஆனால் அவன் கேட்டதில் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. நடுவர் சொன்னதை ஒருவர் மறுத்து, அந்த மறுப்பு தப்பு என்று தெரிந்துவிட்டால், அவர் எவ்வளவு இழக்க வேண்டும்? ஒன்றுமே இழக்காவிட்டால் ஒவ்வொரு தீர்ப்புக்கும் கை உயரும். நிறைய இழக்க வேண்டியிருந்தால், நிஜமாகவே ஏமாற்றப்பட்டவன்கூட வாய் திறக்க மாட்டான். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம் என்றுதான் இந்தப் பதிவு.

அந்தமானின் ரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கி பற்றி எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேரோடு நிற்காமல் லாங் ஐலண்ட், ரங்கத் என்று மற்ற இடங்களுக்கும் வந்தது. அதற்கு முன் ஒரு மேட்சின் ஹைலைட்ஸ் பார்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். இன்று நண்பன் அனுப்பும் கிளிப்பை அவன் அனுப்பிய நிமிடமே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.

ஐஸ் ஹாக்கியில் நடந்தது

விதி எளிமையானது. மைதானத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள். தாக்கும் அணியின் ஆட்டக்காரர், 'பக்' என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே இரண்டு காலையும் அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டால் ஆஃப்சைடு. கோட்டருகே நிற்கும் லைன்ஸ்மேன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே எல்லாம் மின்னல் வேகத்தில் நடப்பதால் சில நேரம் தவறிவிடும்.

அப்படித் தவறியவற்றில் இன்றும் பேசப்படுவது 2013 பிப்ரவரி 18 அன்று நடந்தது. கொலராடோ அணியின் மாட் டுஷேன், நாஷ்வில்லுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். பக் வருவதற்கு வெகு முன்பே அவர் கோட்டைத் தாண்டி நின்றார். டிவியில் பார்த்த சிறுபிள்ளைக்குக்கூடத் தெரிந்தது, கோல் மட்டும் நின்றது. இப்படிப்பட்ட கண்கூடான தவறுகளைத் திருத்தத்தான் 2015-16 சீசனில் பயிற்சியாளர்களுக்கு 'கோச்சஸ் சேலஞ்ச்' கொடுத்தார்கள். தோற்றால் அணியின் டைம் அவுட் போகும். அவ்வளவுதான்.

டைம் அவுட் ஒரு பெரிய சொத்தே இல்லை. எனவே பயிற்சியாளர்கள் கோல் விழுந்தவுடன் வீடியோவை நுணுகிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பக் உள்ளே வந்து பல நொடிகள் சுற்றிச் சுற்றி, அந்த ஆஃப்சைடுக்குச் சம்பந்தமே இல்லாமல் விழுந்த கோலும் ஒரு ஷூ நுனியால் அழிந்தது. பெரிய அநியாயத்தைத் திருத்த வந்த கருவி, நூலிழைத் தவறைத் தேடும் கருவியாக மாறிவிட்டது.

2017 ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தை நண்பன் எனக்கு அனுப்பினான். நாஷ்வில் அணியின் பி.கே. சுபான் முதல் கோலை அடிக்கிறார். அணியே கொண்டாடுகிறது. பிட்ஸ்பர்க் சேலஞ்ச் செய்கிறது. பக் கோட்டைத் தாண்டும் நொடியில் நாஷ்வில்லின் ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க்கின் பின்னங்கால் பனித்தரையைத் தொடவில்லை, லேசாகத் தூக்கியிருக்கிறது. கோல் ரத்து. பிறகு பிட்ஸ்பர்க் அதே பீரியடில் மூன்று கோல் போட்டு, கடைசியில் 5-3 என்று வென்றது. அந்தக் காலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தொட்டிருக்கிறதா, தூக்கியிருக்கிறதா என்று சொல்லவே எனக்கு நேரம் பிடித்தது.

அடுத்த சீசனிலேயே, அதாவது 2017-18-ல், தண்டனை வந்தது. ஆஃப்சைடு சேலஞ்ச் தோற்றால் இரண்டு நிமிடம் ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும். 2019-20-ல் எல்லா வகை சேலஞ்சுக்கும் அதை விரித்தார்கள். முதல் தோல்விக்கு இரண்டு நிமிடம், அதே ஆட்டத்தில் அடுத்தடுத்த தோல்விகளுக்கு நான்கு நிமிடம். 2020-21-ல் ஆஃப்சைடு விதியையே தளர்த்தி, கால் காற்றில் இருந்தாலும் கோட்டுக்கு நேர் மேலே இருந்தால் போதும் என்றார்கள். தண்டனையைக் கூட்டியதோடு நிற்காமல், சண்டைக்குக் காரணமான நூலிழையையும் தடிப்பாக்கினார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

தண்டனை உண்மையில் எவ்வளவு பெரியது?

"ரெண்டு நிமிஷம் ஆள் குறைஞ்சா பெரிய அடிடா" என்றான் நண்பன். நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன்.

எதிரணியில் ஒரு ஆள் குறைவாக இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில், என்ஹெச்எல் அணிகள் சுமாராக ஐந்து முறைக்கு ஒரு முறை கோல் போடுகின்றன. ஆக, தோற்ற சேலஞ்சின் விலை ஐந்தில் ஒரு கோல். வென்றால் கிடைப்பதோ முழுதாக ஒரு கோல், ஏற்கெனவே விழுந்தது அழிந்துவிடுகிறது. இதை வைத்துப் பார்த்தால், ஆறில் ஒரு வாய்ப்புக்கு மேல் வெல்லும் நம்பிக்கை இருந்தாலே சேலஞ்ச் செய்வது லாபம்.

காகிதத்தில் அது அவ்வளவு கொடிய தண்டனை இல்லை. இருந்தும் பயிற்சியாளர்கள் தயங்குகிறார்கள். கோல் வாங்கிய கையோடு ஆளையும் இழந்து, அடுத்த கோலும் விழுந்துவிட்டால் பழி முழுக்க பெஞ்சில் நிற்கும் அந்த ஒரு மனிதர் தலையில். சேலஞ்ச் செய்யாமல் விட்டால் அது லைன்ஸ்மேனின் தவறு. செய்து தோற்றால் அது பயிற்சியாளரின் தவறு. கணக்கு சொல்வதைவிட இந்த வித்தியாசம்தான் கையைக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் இன்று ஒவ்வொரு அணியும் வீடியோ பார்ப்பதற்கென்றே ஆட்களை உட்காரவைத்திருக்கிறது. அவர்கள் உறுதியாகச் சொன்ன பிறகே பயிற்சியாளர் கை தூக்குகிறார்.

கிரிக்கெட்டின் விலை தாமதமாக வரும்

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். ஒரு ரிவியூ போவது தண்டனையா?

ஐஸ் ஹாக்கியில் தண்டனை ரொக்கம், கையோடு கட்டிவிட்டு வர வேண்டும். கிரிக்கெட்டில் அது கடன். எப்போது வசூலிக்க வருவார்கள் என்று தெரியாது. சில நாள் வரவே மாட்டார்கள். வரும் நாளில் வட்டியும் முதலுமாகக் கேட்பார்கள்.

2019 ஆகஸ்ட் 25, ஹெடிங்லி. ஆஷஸ் டெஸ்ட், இங்கிலாந்தின் இலக்கு 359, கையில் கடைசி விக்கெட். பாட் கம்மின்ஸ் பந்து ஜாக் லீச்சின் காலில் பட்டது. அம்பயர் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியா பதற்றத்தில் ரிவியூ கேட்டது. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகியிருந்தது. கைவசம் இருந்த கடைசி ரிவியூவும் போனது. அடுத்த ஓவரில், இங்கிலாந்துக்கு வெறும் 2 ரன் தேவைப்பட்டபோது, நேதன் லயனின் பந்து பென் ஸ்டோக்ஸின் காலில் பட்டது. அம்பயர் ஜோயல் வில்சன் தலையை ஆட்டிவிட்டார். ரீப்ளேயில் பந்து ஸ்டம்பைத் தாக்குவது தெரிந்தது. கேட்டிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும், ஆஸ்திரேலியா வென்றிருக்கும். கேட்க ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டோக்ஸ் ஆட்டமிழக்காமல் 135, இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்றது.

இதை அனுப்பியதும் நண்பன் கொஞ்ச நேரம் பதில் போடவில்லை. பிறகு, "இது எங்க ரெண்டு நிமிஷத்தவிடப் பெரிசுடா" என்றான்.

நம் ஆட்கள் இந்தப் பாடத்தை ஆரம்பத்திலேயே கசப்பாகக் கற்றவர்கள். 2008 ஜூலையில் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் இந்தியா-இலங்கை டெஸ்டில்தான் இந்த முறை முதன்முதலில் சோதிக்கப்பட்டது. ரிவியூவில் அவுட் ஆன முதல் பேட்டர் சேவாக், பந்து போட்டவர் கண்டி மண்ணின் முரளிதரன். அந்தத் தொடரில் இலங்கை 11 முறை சரியாகக் கேட்டது. இந்தியாவுக்குச் சரியாக அமைந்தது ஒரே ஒரு முறை. தொடரும் 2-1 என்று இலங்கைக்குப் போனது. இரு அணிக்கும் கருவி ஒன்றுதான், கேட்கத் தெரிந்ததில்தான் வித்தியாசம். அதன்பின் இந்தியா வெகுகாலம் இதை எதிர்த்துவிட்டு, 2016 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான ராஜ்கோட் டெஸ்டில்தான் உள்ளூரில் ஏற்றுக்கொண்டது. இன்று சேப்பாக்கத்தில் டிஆர்எஸ் என்றால் 'தோனி ரிவியூ சிஸ்டம்' என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எப்போது கேட்கக் கூடாது என்று தெரிந்ததற்குக் கிடைத்த மரியாதை அது.

அஷ்வின் கேட்ட இரண்டாவது கேள்வி

விலை கொடுத்துக் கேட்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. டிஎன்பிஎல்-இல் டிஆர்எஸ் வந்தது 2023-ல். அந்த ஜூன் 14 அன்று கோவையில் திண்டுக்கல் டிராகன்ஸ், திருச்சி ஆட்டம். அஷ்வின் பந்தில் ராஜ்குமார் விக்கெட் கீப்பரிடம் கேட்ச். அம்பயர் அவுட் கொடுத்தார். ராஜ்குமார் ரிவியூ கேட்டார். திரையில் ஒரு துடிப்பு தெரிந்தது. ஆனால் மட்டை தரையில் பட்டதால் வந்தது அது என்று மூன்றாவது அம்பயர் முடிவு செய்து, நாட் அவுட் என்று மாற்றினார்.

உடனே அஷ்வின் தன் அணியின் ரிவியூவைக் கேட்டார். மூன்றாவது அம்பயரின் முடிவையே மறுபடி மூன்றாவது அம்பயரிடம். முடிவு மாறவில்லை. அணிக்கு ஒரு ரிவியூ நஷ்டம்.

அன்று சமூக வலைத்தளம் முழுக்கச் சிரிப்புதான். எனக்கு அது சிரிக்கும் விஷயமாகத் தெரியவில்லை. மட்டை தரையைத் தட்டியதா, பந்தை உரசியதா என்பது கோணத்தைப் பொறுத்தது. இன்னொரு கோணத்தில் பாருங்கள் என்று ஒரு பந்துவீச்சாளர் கேட்கிறார். அதற்கான விலையையும் தன் அணியின் கணக்கிலிருந்து கொடுக்கிறார். கத்தவில்லை, அம்பயரைச் சூழ்ந்துகொள்ளவில்லை, விதி கொடுத்த வழியில் கேட்டுவிட்டு, பதிலை ஏற்றுக்கொண்டு பந்து போடத் திரும்பினார். விலை வைத்த முறையீட்டின் அழகே அதுதான். கோபத்தை அது ஒழுங்கான ஒரு கேள்வியாக மாற்றிவிடுகிறது.

பார்த்துவிட்டுக் கேட்பவரும், பார்க்காமல் கேட்பவரும்

இங்கேதான் நானும் நண்பனும் ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தோம். எது பெரிய தண்டனை என்று ஒப்பிடுவதே சரியில்லை. கேட்கிறவருக்குக் கேட்பதற்கு முன் என்ன தெரியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட்டில் கேப்டனுக்கு 15 நொடி. வீடியோ கிடையாது. கீப்பரையும் பந்துவீச்சாளரையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வெளியிலிருந்து உதவி வாங்கக் கூடாது. 2017 மார்ச்சில் பெங்களூரு டெஸ்டில் எல்பிடபிள்யூ ஆன ஸ்டீவ் ஸ்மித், ரிவியூ கேட்கலாமா என்று டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்பயர் நைஜல் லாங் ஓடிவந்து தடுத்தார், கோலி கொதித்தார், அது வாரக்கணக்கில் விவாதமானது. கண்ணால் கண்டதை மட்டும் வைத்துக் கேள் என்பதுதான் அங்கே ஒப்பந்தம். எனவே தண்டனையும் லேசானது, உரிமையில் ஒன்று குறையும்.

என்ஹெச்எல்-இல் அப்படியில்லை. அங்கே ஆள் வைத்து ரீப்ளே பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். விடை கையில் இருக்கும்போது கேட்டு, அதுவும் தப்பாகிறது என்றால் அது சூதாட்டம், இல்லையென்றால் அலட்சியம். அதற்கு இரண்டு நிமிடத் தண்டனை நியாயம்தான். இதில் நண்பன் பக்கம் நான் முழுமனதோடு சேர்ந்துவிட்டேன்.

ஆனால் ஒரு இடத்தில் ஐஸ் ஹாக்கி விதி அநியாயமானது என்றே சொல்வேன். வீடியோவில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் லைன்ஸ்மேன் சொன்னதே நிற்கும். அது சரி. ஆனால் கேட்டவருக்கு அப்போதும் தண்டனை உண்டு. அவர் சொன்னது தப்பு என்று யாரும் நிரூபிக்கவில்லை. சரியா தப்பா என்று கேமராவுக்கே தெரியவில்லை. அதற்கு அவர் ஏன் ஆளை இழக்க வேண்டும்? கொஞ்சமும் அடிப்படை இல்லாமல் கேட்டவரும், நூலிழையில் தவறியவரும் அங்கே ஒரே கூண்டில் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் கிரிக்கெட் பக்குவப்பட்டிருக்கிறது. பந்து ஸ்டம்பை லேசாக மட்டும் உரசும் என்றால் 'அம்பயர்ஸ் கால்', அம்பயர் சொன்னதே நிற்கும். முன்பெல்லாம் அப்போதும் ரிவியூ போய்விடும். 2017 செப்டம்பர் இறுதியிலிருந்து அது அணியிடமே தங்குகிறது. நம் தரை ஹாக்கியிலும் அப்படித்தான், வீடியோ அம்பயரால் ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் ரெஃபரல் அணிக்கே திரும்பும். தீர்ப்பு மாறவில்லை, ஆனால் உன் சந்தேகத்தில் நியாயம் இருந்தது என்று விதியே ஒப்புக்கொள்கிறது. எனக்கு விளையாட்டு விதிகளிலேயே மிகவும் பிடித்த நாகரிகம் இது. என்ஹெச்எல் இந்த ஒன்றைக் கடன் வாங்கினால் அதன் தண்டனை முழு நியாயமாகிவிடும்.

நம்ம ஊர் மைதானத்துக்கு

இதையெல்லாம் எழுத வைத்தது கனடாவோ ஹெடிங்லியோ மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து டென்னிஸ் பால் மேட்சுகளில் முறையீட்டுக்கு விலையே கிடையாது. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பெரியவர் ஒருவர் அம்பயராக நிற்பார், வங்காளிப் பையன்களும் தெலுங்குப் பையன்களும் நம் பையன்களும் எல்லாருக்கும் அவர் 'தாதா'தான். ஒரு ரன் அவுட். பவுண்டரி ஓரத்திலிருந்து யாரோ எடுத்த மொபைல் வீடியோவோடு ஒருவன் ஓடிவருவான்.

"தாதா, ஏக் பார் தேக்கோ நா, பேட் அந்தர் ஹை!" (ஒரு தடவை பாருங்க, பேட் உள்ளேதான் இருக்கு!)

அவன் பின்னாலேயே எதிரணியிலிருந்து இன்னொருவன், வேறு கோணத்தில் எடுத்த வேறு வீடியோவோடு. தாதா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு போனையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். இரண்டிலும் கிரீஸ் கோடு தெரியாது, சுண்ணாம்பு எப்போதோ அழிந்திருக்கும். அதற்குள் வெளிச்சம் போயிருக்கும். மிச்சம் இருந்த ஓவர்கள் போடப்படாது. யார் ஜெயித்தது என்ற சண்டை மறுநாள் பஜார் வரை வரும். அடுத்த மேட்சுக்கு, "எனக்கு வேண்டாம்பா, வேற யாரையாவது நிறுத்துங்க" என்று தாதா ஒதுங்கிக்கொள்வார். அம்பயராக நிற்க ஆள் கிடைக்காமல் போவதுதான் இதில் நமக்கு உண்மையான நஷ்டம்.

பெரிய கேமரா, பெரிய பணம் இருந்தால்தான் ஒழுங்கான முறையீடு முடியும் என்று நினைக்க வேண்டாம். கேமரா அதிகம் இல்லாத போட்டிகளுக்கென்றே ஃபிஃபா ஒரு முறையைக் கொண்டுவந்து, 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் பயன்படுத்தியது. பயிற்சியாளர் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு முறை கேட்கலாம். கேட்டது சரியென்றால் அந்த வாய்ப்பு அவரிடமே இருக்கும், தப்பென்றால் போகும். கேட்பவர் யார், எத்தனை முறை, தோற்றால் என்ன என்று மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதற்குக் காசு செலவில்லை.

எனவே ரங்கத், மாயாபந்தர், பில்லிகிரவுண்ட் பக்கம் டோர்னமெண்ட் நடத்தும் தம்பிகளுக்கு என் யோசனை இது.

கேட்கும் உரிமை கேப்டனுக்கு மட்டும். ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு முறை, அடுத்த பந்து போடுவதற்கு முன். போன் ஒன்றே ஒன்று, ஸ்டம்புக்கு நேர் பக்கவாட்டில், ஸ்கோரர் மேஜையில் நிறுத்திவைத்தது. பார்வையாளர் வீடியோ செல்லாது. போனில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் தாதா சொன்னதே தீர்ப்பு, கேட்ட வாய்ப்பு கேப்டனிடமே இருக்கட்டும். தப்பு என்று தெளிவாகத் தெரிந்தால் அந்த வாய்ப்பு போகும். போனை முதலில் பார்த்துவிட்டு, தனக்குச் சாதகமாக இல்லை என்று தெரிந்தும் நேரத்தைக் கடத்தக் கேட்டால், எதிரணிக்கு ஐந்து ரன். விதியை மீறி எல்லாருமாகச் சேர்ந்து அம்பயரைச் சூழ்ந்தாலும் அதே ஐந்து ரன்.

ஐந்து ரன் என்பது கிரிக்கெட் விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் தண்டனைதான், நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பார்க்காமல் நேர்மையாகச் சந்தேகப்பட்டவனுக்கு லேசான விலை, தெரிந்தே விளையாட்டை நிறுத்தியவனுக்குக் கனமான விலை. என்ஹெச்எல் ஐந்தாறு வருடம் திருத்தித் திருத்திக் கற்றதையும், கிரிக்கெட் ஒன்பது வருடம் கழித்துச் சேர்த்துக்கொண்டதையும் நாம் ஒரே சீசனில் எடுத்துக்கொள்ளலாம்.

நண்பனிடம் இந்த விதிகளைக் காட்டினேன். "ஐந்து ரன் பத்தாது, பத்து வை" என்கிறான். பத்து வைத்தால் எந்தக் கேப்டனும் கேட்கவே மாட்டான், ஏமாந்த பையன் ஏமாந்தபடியே நிற்பான் என்று நான் சொல்கிறேன். உங்கள் ஊரில் டோர்னமெண்ட் நடத்தியவர்கள், அம்பயராக நின்றவர்கள் எத்தனை ரன் வைப்பீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த டோர்னமெண்ட் கமிட்டி உட்காரும்போது ஒரு தாளில் எழுதி அவர்கள் முன் வைக்கப் போகிறேன்.